ஒரு யார்டு, ஆயிரம் கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த வஞ்சிரம் மஞ்சள் தடவி அடுப்பங்கரையில் தயாராக இருக்கிறது. அப்பா திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிறார். மகள் மட்டும் உள் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே வராமல் இருக்கிறாள். கறுப்புத் திரை, அதில் பச்சை எழுத்து.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம கூடவா?"

"ஞாயித்துக்கெழமதாம்ப்பா எங்களுக்கு வேலையே!"

சாத்தாங்காட்டில் இருக்கும் இந்த வீடு கற்பனை வீடுதான். ஆனால் திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் இப்படியொரு வீடு நிஜமாகவே இருக்கக்கூடாது என்றில்லை. அப்பா இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுபவர். மகள் கம்ப்யூட்டர் படித்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ பேங்க் வேலை" என்று சொல்லி அம்மா முடித்துக்கொள்வார். மகள் சொல்லும் பெயர் அவருக்கு வாயில் நுழையாது: மெயின்ஃபிரேம் லினக்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்.

ஞாயிறு காலை ஏன் என்பதற்குக் காரணம் எளிது. அவள் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒரு வெளிநாட்டு வங்கியுடையது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை நள்ளிரவு என்றால், அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்கு ஞாயிறு காலை 9.30 மணி. அங்கே எல்லோரும் தூங்குகிற நேரத்தில்தான் மெஷினில் கை வைக்க விடுவார்கள். நான்கு மணி நேரம் அனுமதி. அதற்குள் 36 லினக்ஸ் மெஷின்களுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தங்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் அணைத்து எழுப்பி, பழையபடி ஓட விட்டாக வேண்டும்.

"முப்பத்தாறு கம்ப்யூட்டரா? எவ்ளோ பெரிய ரூம்லம்மா வெச்சிருக்கான்?"

"முப்பத்தாறும் ஒரே பெட்டிக்குள்ளதாம்ப்பா இருக்கு."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். இதைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாமே அவருடைய வேலையிடத்திலேயே இருக்கிறது.

சாத்தாங்காடு இரும்பு எஃகு மார்க்கெட் சி.எம்.டி.ஏ. உருவாக்கியது. நெரிசலான பழைய சென்னைத் தெருக்களுக்குள் லாரி நுழைய முடியாமல் நடந்துகொண்டிருந்த மொத்த இரும்பு வியாபாரத்துக்கு ஊருக்கு வெளியே இடம் தருவதற்காக வந்தது. டி.எம்.டி. கம்பி, ஏங்கிள், சேனல், தகடு, காயில் என்று கண்ணுக்கு எட்டிய தூரம் இரும்பு. இப்படி ஒரு யார்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவர் ஒன்று, எடை மேடை ஒன்று, கிரேன் இரண்டு. உள்ளே நாற்பது வியாபாரிகள். ஒவ்வொருவருக்கும் தனி ஷெட், தனிப் பூட்டு, தனிக் கணக்கு நோட்டு. கிரேன் பத்து நிமிடம் இவருக்கு, அடுத்த பத்து நிமிடம் அவருக்கு. கிரேன் சுற்றும் வேகம் போதுமானதாக இருந்தால், ஒவ்வொரு வியாபாரியும் அது தனக்கென்றே நிற்பதாக நினைத்துக்கொள்வார். யாருக்கு எப்போது என்று தீர்மானிப்பவர் யார்டு மேஸ்திரி.

மெயின்ஃபிரேம்தான் அந்த யார்டு. ஷெட்டுகள்தான் விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொரு ஷெட்டுக்குள்ளும் ஒரு லினக்ஸ், இந்த முழுக் கம்ப்யூட்டரும் தன்னுடையதுதான் என்ற நினைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். மேஸ்திரியின் பெயர் இசட்-வி.எம். அவள் வேலை அந்த மேஸ்திரிக்கு உத்தரவு போடுவதும், ஷெட்டுகளை நல்லபடியாக வைத்திருப்பதும்.

ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் இந்த வித்தை இன்றைய 'கிளவுட்' காலத்தில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். வைத்திருந்த ஆராய்ச்சி மையத்தில், ராபர்ட் கிரீஸி என்பவரின் குழு 1960களின் நடுவிலேயே இதைச் செய்துவிட்டது. அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டரின் விலையில் ஆளுக்கொன்று வாங்கித் தருவதை யாரும் கனவிலும் நினைக்க முடியாது. ஆளுக்கொன்று இருப்பது போன்ற தோற்றத்தைத் தந்தால் போதுமே என்று யோசித்தார்கள். 1972-ல் அது வி.எம். 370 என்ற பெயரில் விற்பனைக்கே வந்தது. இன்றைய இசட்-வி.எம். அதன் நேர் வாரிசு.

நம் ஊர் இந்தக் கதைக்கு வெளியே இருந்த ஊர் அல்ல. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. அப்போது நாட்டிலிருந்த பெரிய கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று. மாணவர்கள் அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, பதில் அச்சாகி வரும்வரை காத்திருந்த காலம். அதற்கும் முன்பே, 1960களில், ரயில்வேயில் ஐ.பி.எம். 1401 கம்ப்யூட்டர்கள் நுழைந்துவிட்டன.

அப்புறம் ஒரு முறிவு. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்குகளில் பெரும்பகுதியை இந்தியர்களுக்குத் தர வேண்டும் என்று அரசு சொன்னது. ஐ.பி.எம். மறுத்துவிட்டு 1978-ல் மூட்டை கட்டியது. விட்டுப்போன மெஷின்களைப் பராமரிக்கும் பொறுப்பை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் பரிந்துரைத்த பிறகு வங்கிகள் மெல்லக் கணினிமயமாகத் தொடங்கியபோது, அவை போன வழி வேறு. இன்று நம் வங்கிகளின் மையக் கணக்கு பெரும்பாலும் யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில்தான் ஓடுகிறது. விளைவு கொஞ்சம் விசித்திரமானது. மெயின்ஃபிரேம் தெரிந்தவர்கள் சென்னையில் ஏராளம், அவர்கள் கை வைக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை இருப்பதோ கடல் கடந்து. அந்தப் பெட்டியை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே ரிட்டயர் ஆகிறவர்களும் உண்டு.

லினக்ஸ் அந்தப் பெட்டிக்குள் நுழைந்தது பிற்பாடு. 1998-லேயே லினாஸ் வெப்ஸ்டாஸ் என்ற புரோகிராமர் 'பிக்ஃபுட்' என்று பெயர் வைத்து, லினக்ஸை மெயின்ஃபிரேமுக்குக் கொண்டுவரும் வேலையை வெளியில் தொடங்கியிருந்தார். அதே சமயத்தில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் ஐ.பி.எம்.மின் சொந்த ஊழியர்கள் சிலர், மேலிடத்தில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாமல் அதையே செய்துகொண்டிருந்தார்கள். 1999 டிசம்பரில் ஐ.பி.எம். தன் குழு எழுதியதை வெளியிட்டது. அடுத்த வருடமே டேவிட் பாய்ஸ் என்பவர், ஒரே மெயின்ஃபிரேமில் எத்தனை லினக்ஸைத்தான் ஏற்ற முடியும், பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். 41,400 வரை ஏறியது! அவ்வளவையும் வைத்து உருப்படியாக ஒரு வேலையும் பார்க்க முடியாதுதான். ஆனால் அந்த எண் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதே 2000-ல் ஸ்வீடனின் டெலியா என்ற தொலைபேசி நிறுவனம், சுமார் 70 யூனிக்ஸ் சர்வர்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு மெயின்ஃபிரேமை வைக்கப்போவதாக அறிவித்தது.

எழுபது சர்வர் என்றால் எழுபது மின் இணைப்பு, எழுபது ஏ.சி. காற்று, எழுபதுக்கும் கேபிள். அதில் பாதிக்கு மேல் நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கும். யார்டு கணக்கில் சொன்னால், நாற்பது வியாபாரிக்கு நாற்பது கிரேன். முப்பத்தைந்து கிரேன் நிழலில் நிற்கும், மாதத் தவணை மட்டும் நிற்காது.

"அப்போ எல்லாரும் ஒரே நேரத்துல கிரேன் கேட்டா?"

அப்பா கேட்ட இந்தக் கேள்விதான் அவளுடைய மொத்த உத்தியோகமும்.

இசட்-வி.எம்.மில் ஒவ்வொரு மெஷினுக்கும் 'ஷேர்' என்று ஒரு எண் உண்டு. வேறெதுவும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் 100. நெருக்கடி வரும்போது 300 வைத்திருப்பவனுக்கு 100 வைத்திருப்பவனைப் போல மூன்று மடங்கு நேரம் கிடைக்கும். நெருக்கடி இல்லாதபோது யாரும் யாரையும் தடுப்பதில்லை. பணம் பட்டுவாடா செய்யும் மெஷினுக்கு 300, டெஸ்ட்டிங் மெஷினுக்கு 50 என்று வைப்பது கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு பிரிவின் மேனேஜரும் தன்னுடையதுதான் முக்கியம் என்று போன் போடுவார். எண்ணைத் தூக்கிக்கொண்டே போனால் கடைசியில் எல்லோருக்கும் 300, அதாவது மறுபடியும் எல்லோரும் சமம். முடியாது என்று பணிவாகச் சொல்லக் கற்றுக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பாடம். அதை எந்த கோர்ஸிலும் சொல்லித்தருவதில்லை.

மெமரி விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. தனி சர்வரில் லினக்ஸ் ஓடும்போது, எவ்வளவு மெமரி கொடுத்தாலும் நல்லதுதான். மிச்சமிருப்பதை எல்லாம் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்ளும். மெயின்ஃபிரேமில் அதே குணம் தொல்லையாகிறது. தேவை 4 ஜி.பி. என்று இருக்க, போனால் போகிறது என்று 16 ஜி.பி. கொடுத்தால், லினக்ஸ் பதினாறையும் நிரப்பி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஷெட்டும் அப்படிச் செய்தால், மேஸ்திரி சரக்கை வெளியே எடுத்துவைப்பதும் உள்ளே தூக்கிவைப்பதுமாகவே பொழுதைக் கழிப்பார்.

"காலி எடம் கண்டா வியாபாரி இரும்பு அடுக்காம விடுவானா?" என்றார் அப்பா. ஆகவே தேவைக்குக் கொஞ்சம் இறுக்கமாகவே கொடுக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழுத்தவர்களின் பால பாடம். சாதாரண சர்வர்களில் பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. அதிகம் கொடுத்தால் வேகம் குறையும் என்பதை யார்தான் உடனே நம்புவார்கள்?

இதைவிட வேடிக்கையானது தூங்காத லினக்ஸின் கதை. அந்தக் காலத்து லினக்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நொடிக்கு 100 முறை கண் விழித்து, நேரம் என்ன, ஏதாவது வேலை வந்திருக்கிறதா என்று பார்க்கும். மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு லினக்ஸ் இதைச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரே பெட்டியில் ஆயிரம் லினக்ஸ் சும்மா தூங்கிக்கொண்டிருந்தால்? நொடிக்கு ஒரு லட்சம் தடவை யாராவது ஒருவர் மேஸ்திரியை எழுப்பி, "அண்ணே, எனக்கு ஏதாச்சும் வேலை இருக்கா?" என்பார். ஒரு வேலையும் நடக்காமலே பெட்டி மூச்சு வாங்கும். 2001 ஏப்ரலில், போப்லிங்கன் குழுவின் மார்ட்டின் ஷ்விடெஃப்ஸ்கி லினக்ஸ் உலகத்துக்கு ஒரு யோசனை சொன்னார்: வேலை இல்லாதபோது அந்த நூறு தட்டல்களே வேண்டாம், அடுத்த வேலை வரும் நேரத்துக்கு மட்டும் அலாரம் வைத்துக்கொண்டு தூங்கட்டும். சர்ச்சை இல்லாமல் இல்லை. ஆனால் அதே வகை யோசனை பிற்காலத்தில் சாதாரண லினக்ஸுக்கும் வந்து சேர்ந்தது. இன்று உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது. சட்டைப் பையில் சும்மா இருக்கும்போது அதன் பேட்டரி வீணாகாமல் இருப்பதற்கு, இப்படி நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம். மெயின்ஃபிரேம் லினக்ஸைக் கட்டிக்காத்த ஷ்விடெஃப்ஸ்கி 2019-ல் காலமானார்.

மணி பதினொன்றே கால். 35 மெஷின்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டன. முப்பத்தாறாவது எழவில்லை.

அம்மா கதவைத் தட்டி, "கொழம்பு கொதிச்சிடுச்சு, வந்து ஒருவாய் சாப்ட்டுப் போயேன்" என்கிறார். பதில் இல்லை.

திரையில் லினக்ஸ் பாதி வழியில் நின்று, தன் வட்டுகளில் ஒன்றைக் காணோம் என்கிறது. வட்டு எங்கும் போகவில்லை. போன மாதம் இடம் போதவில்லை என்று அந்த மெஷினுக்கு யாரோ ஒரு புதிய வட்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்த்தது, அதனால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் மெஷின் துயிலெழும்போது முதலில் புரட்டிப் பார்க்கும் பட்டியல் ஒன்று உண்டு. எந்தெந்த வட்டுகள் தன்னுடையவை என்பது அதில் இருக்கும். அந்தப் பட்டியலைப் புதுப்பித்து, 'ஜிப்-எல்' என்ற கட்டளையைக் கொடுத்து எழுதிவைக்க வேண்டும். மறந்துவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அணைத்து எழுப்பும் அன்றுதான் தெரியும், அது ஒரு மாதம் கழித்தும் இருக்கலாம், ஒரு வருடம் கழித்தும் இருக்கலாம். ஷெட்டுக்குப் புது அறை கட்டிவிட்டு வாட்ச்மேனிடம் சாவி கொடுக்க மறந்த கதைதான்.

சாதாரண சர்வராக இருந்தால் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இங்கே அதிலும் ஒரு சிக்கல். மெஷின் முழுதாக எழாதபோது அதனோடு பேச இருக்கும் ஒரே வழி அந்தப் பச்சை எழுத்துத் திரை. 3270 என்று அதற்குப் பெயர், 1970களின் டெர்மினல் வம்சம். ஒரு வரி தட்டி என்டர் போட்டால்தான் அந்த வரியே போய்ச் சேரும். லினக்ஸ்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும் 'வி.ஐ.' எடிட்டர் அதில் ஓடாது. யூனிக்ஸ் பிறந்த காலத்து 'ஈ.டி.' என்ற எடிட்டர்தான் கை கொடுக்கும். அதைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு வழி இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் கையாளப்படுவது. நோயாளி மெஷினை முழுதாக அணைத்துவிட்டு, அதன் வட்டுகளை ஆரோக்கியமான இன்னொரு லினக்ஸோடு இணைத்து, அங்கிருந்து கோளாறைச் சரிசெய்துவிட்டு, வட்டைக் கழற்றி, நோயாளியை மறுபடி எழுப்புவது. ஒரே பெட்டிக்குள் எல்லாம் இருப்பதால் இதற்கு யாரும் ஸ்க்ரூ டிரைவரோடு போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று கட்டளை போதும்.

அந்த இரண்டு மூன்று கட்டளைகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. நோயாளி மெஷின் அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும்போதே அதன் வட்டை இன்னொருவர் எழுதும் உரிமையோடு எடுத்தால், ஒரே கணக்கு நோட்டில் இரண்டு பேர் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் எழுதுவது போலாகும். நோட்டு நாசம். மேஸ்திரி சாதாரணமாக இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார், ஏற்கெனவே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மறுத்துவிடுவார். ஆனால் 'எம்.டபிள்யூ.' என்று இரண்டே எழுத்தைக் கட்டளையின் பின்னால் சேர்த்தால், உங்கள் இஷ்டம் என்று கொடுத்துவிடுவார். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த இரண்டு எழுத்து பெரிய கவர்ச்சி.

இன்னொரு பொறி இதைவிடக் கொடியது. ஷெட்டுக்குள் நின்று 'ஷட்டவுன்' என்று தட்டினால் அந்த ஒரு லினக்ஸ் அணையும். வெளியே மேஸ்திரியின் ஆபீஸில் நின்று, முழு அதிகாரம் உள்ள பெயரில் அதே 'ஷட்டவுன்' தட்டினால் யார்டு மொத்தமும் இருட்டாகிவிடும். வார்த்தை ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. அதனால்தான் அனுபவசாலிகள் என்டர் தட்டும் முன் விரலைத் தூக்கிக்கொண்டு, இப்போது எங்கே நிற்கிறோம் என்று ஒரு கட்டளை போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். தினசரி வேலைக்கு அந்த முழு அதிகாரப் பெயரையே தொடாமல் இருப்பது இன்னும் உத்தமம்.

"கிரேன்ல லோடு தூக்கறதுக்கு முன்னாடி, கீழ ஆள் இருக்கான்னு எத்தினி வாட்டி பாப்ப?" என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

"பாத்துக்கினே இருப்பேம்மா. முப்பது வருசமா ஒருத்தரு மேலயும் வுழல."

அவளும் பார்த்தாள். நோயாளி முழுதாக வெளியேறிவிட்டதா என்று ஒரு முறை, மறுபடி ஒரு முறை. எல்லா மெஷின்களும் ஒரே அச்சில் வார்த்தவை, வட்டுத் தொகுதிகளின் பெயர்கள்கூட ஒன்றுபோலத்தான் இருக்கும். தவறானதைத் திறந்துவிடக் கூடாது என்று எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். இந்தத் துறையில் காகிதத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு.

இந்த இடத்தில், போனில் இதைப் படிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கேள்வி வரும்: இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா? மெயின்ஃபிரேம் சாகப்போகிறது என்று 1990களிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2000-ம் ஆண்டுச் சிக்கல் முடிந்தால் கோபால் படித்தவர்கள் எல்லாம் தெருவில்தான் என்றார்கள். 2015-ல் ஐ.பி.எம். லினக்ஸுக்காக மட்டுமே 'லினக்ஸ் ஒன்' என்ற மெயின்ஃபிரேமைக் கொண்டுவந்தது. 2022-ல் இசட் 16, 2025-ல் இசட் 17 என்று புது மெஷின்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வங்கி, காப்பீடு, விமான டிக்கெட் என்று நிற்கவே கூடாத கணக்குகள் அதில் ஓடும்வரை ஆள் தேவை. பழைய ஆட்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருப்பதால் புது ஆட்களுக்கு இடம் உண்டு. அதேசமயம் இது கடல் அளவு வேலைவாய்ப்பு அல்ல, குளம் அளவுதான். ஒரு மெஷினை ஐந்து பேர் பார்த்தது போய் ஒருவர் பத்து மெஷின் பார்க்கும் காலம் இது. வெறும் மெயின்ஃபிரேம் மட்டும் தெரிந்தவரைவிட, லினக்ஸையும் நெட்வொர்க்கையும் நன்றாகக் கற்று, அதன்மேல் இதையும் சேர்த்துக்கொண்டவர்தான் தாக்குப்பிடிப்பார். லினக்ஸ் எங்கே ஓடினாலும் லினக்ஸ்தான். இன்று மெயின்ஃபிரேமில் கற்றதில் பெரும்பகுதி நாளை வேறெங்கும் உதவும்.

'மெயின்ஃபிரேம் கோர்ஸ், வேலை உத்தரவாதம்' என்று யாராவது பெரிய தொகை கேட்டால், கையெழுத்துப் போடும் முன் நிதானியுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இலவசமாகவே நிறைய இருக்கிறது. ரோஜர் பௌலர் தொடங்கி வைத்த 'ஹெர்குலிஸ்' என்ற மென்பொருள் சாதாரண லேப்டாப்பையே மெயின்ஃபிரேமாக நடிக்க வைக்கும். காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய வி.எம். 370-ஐ அதில் ஓட்டிப் பார்த்து, மேஸ்திரியின் கட்டளைகளைப் பழகலாம். ஐ.பி.எம்.மின் 'இசட் எக்ஸ்ப்ளோர்' தளத்தில் மாணவர்களும் மற்றவர்களும் நிஜ மெயின்ஃபிரேமில் இலவசமாகப் பயிற்சி செய்யலாம். 'லினக்ஸ் ஒன் கம்யூனிட்டி கிளவுட்' என்ற தளத்தில், மெயின்ஃபிரேமுக்குள் ஓடும் ஒரு லினக்ஸையே குறிப்பிட்ட காலத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள். இவற்றை ஒரு மாதம் பழகிப் பார்த்தால், இது நமக்குப் பிடிக்கிறதா என்பது பணம் செலவில்லாமலே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுக்கும் வேலை எல்லோருக்கும் ஒத்துவராது.

மணி பன்னிரண்டு ஐம்பது. அனுமதித்த நேரம் முடிய நாற்பது நிமிடம் இருக்கிறது. அவள் வட்டைக் கழற்றி, முப்பத்தாறாவது மெஷினை எழுப்பும் கட்டளையைக் கொடுத்தாள். பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடின. பாதி வழியில் போன தடவை நின்ற இடம் வந்தது, நிற்காமல் தாண்டியது. கடைசியில் லாகின் என்று கேட்டது.

போன மாதம் வட்டைச் சேர்த்தது யார் என்று பழைய பதிவேட்டில் போய்ப் பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைய அறிக்கையில் அதையும் எழுதி அனுப்பினாள்.

அவள் வெளியே வந்தபோது அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் இரண்டு துண்டு வஞ்சிரத்தை எடுத்து வைத்தார்.

"எல்லா கடையும் தொறந்துச்சாம்மா?"

"முப்பத்தாறும் தொறந்துச்சுப்பா."